நாடா ஒன்று சொல்ல, விரல் ஒன்று சொல்ல

தொடர்கதை: அத்தியாயம் 11

திங்கட்கிழமைக்குள் ஒரு காகிதம் வந்தாக வேண்டும். இன்று சனி.

அந்த வீட்டில் மூன்று பெண்கள். மூவரும் வாரம் முழுக்க அந்தக் காகிதத்தையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாய் மட்டும் வேறு எதையாவது பேசிக்கொண்டிருந்தது.

காகிதம் வேண்டியது இளையவளுக்கு. தீயணைப்பு நிலையத்தில் ஏணி வண்டியில் ஏறும் ஒரே பெண் அவள். ஆள் உயரம், மேலே போகவேண்டும் என்றால் முதல் ஆளாகப் போய்விடுவாள். கூட வேலை செய்பவர்கள் வைத்த 'ஏணி' என்ற பட்டப்பெயர் வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது. அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இந்த வருட உடல் தகுதித் தேர்வில் அவள் ஓட்டத்தில் தேறினாள், மூச்சு வாங்க வாங்க. கயிற்றில் தேறினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. கடைசியில் ஒரு நாடா அவளைக் கவிழ்த்துவிட்டது. கழுத்தைச் சுற்றி, வயிற்றைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி அளந்து, கூட்டிக் கழித்து, உடம்பில் கொழுப்பு முப்பத்தேழு சதவீதம் என்று எழுதிவிட்டார்கள். பெண்களுக்கு முப்பத்திரண்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வண்டியிலிருந்து இறக்கி, தொலைபேசி எடுக்கும் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்தவர் யாரும் மறுபடி எழுந்ததாகச் சரித்திரமில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. நாடாவை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்பவர்கள், அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஸ்கேன் எடுத்து, அந்த முடிவைத் திங்களன்று கொண்டுவந்து கொடுக்கலாம்.

அந்த இடத்தில்தான் மூத்தவளுக்கு வேலை.

"தட்டை ஏன் மொறைச்சுப் பாக்கறே? அது ஒன்னும் உன்னைக் கடிக்காது. சாப்பிடு" என்றாள் அம்மா.

"வேணாம்மா. ரெண்டு வாய் போட்டாலே வயிறு நிரம்பிடுது."

"நிரம்பாம என்ன செய்யும்? எங்களுக்குத் தெரியாம எதையாவது உள்ள தள்ளிட்டு வந்தா."

"நான் எங்கம்மா தள்ளினேன்?"

"அப்ப அது காத்தா?" அம்மா கரண்டியால் அவள் வயிற்றைச் சுட்டினாள். "கை ரெண்டும் குச்சி. மூஞ்சி வத்திப் போச்சு. வயித்தை மட்டும் யாருக்காவது வாடகைக்கு விட்டிருக்கியா?"

இளையவள் சிரித்தாள். "விட்டுத் தொலைச்சுட்டேன். காலி பண்ணச் சொன்னா போக மாட்டேங்கறான்."

அம்மாவும் சிரித்தாள். மூத்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

போன வாரம், இதே அடுப்படியில், தங்கையின் கையைப் பிடித்து அவள் அளந்திருந்தாள். மூத்தவளின் தொழில் அது. பெண்களின் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடித்துப் பிடித்து, அந்த மடிப்பைக் கிடுக்கியால் கவ்வி, எத்தனை மில்லிமீட்டர் என்று படிப்பது. மேல்கையின் பின்புறம், இடுப்பெலும்புக்கு மேலே, தொடை. ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு 'கிள்ளியக்கா' என்று பெயர். வலிக்காமல் கிள்ளுவதில் அவளுக்கு நிகர் இல்லை என்று வருகிற பெண்கள் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அடுப்படியில் அவள் விரலுக்குக் கிடைத்தது பதினெட்டு சதவீதம்.

நாடா முப்பத்தேழு என்கிறது. விரல் பதினெட்டு என்கிறது. ஒரே உடம்பு.

இரண்டு கருவிகள் இவ்வளவு தூரம் விலகினால் அளந்தவரின் கை தப்பு என்பது அவர்கள் பிரிவின் விதி. மறுபடி அள. அதிலும் விலகினால் மறுபடி அள. தன் கை தப்பாது என்று பல வருடமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த மூத்தவள், இந்த ஒரு வாரமாக, தன் கை தப்பியிருக்க வேண்டும் என்று மட்டுமே வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஏன் அப்படி வேண்டிக்கொண்டாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. சொல்லக் கூடாது என்றே அந்த எண்ணத்தின் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள்.

பேருந்தில் இளையவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நிறுத்தத்திலிருந்து ஓடிவந்து ஏறியதற்கு வெகுநேரம் மூச்சு வாங்கியது.

"அக்கா, உண்மையைச் சொல்லு. ஸ்கேன்ல பெயில் ஆயிட்டா?"

"ஆக மாட்டே."

"எப்படித் தெரியும்?"

"உன் கையில கிள்ளறதுக்கே ஒன்னும் கிடைக்கலடி."

"அப்ப அந்த நாடாக்காரன் ஏன் முப்பத்தேழுன்னான்?"

"அந்தக் கணக்கெல்லாம் முதல்ல ஆம்பளைங்களை அளந்து போட்டது. அப்புறம் பொம்பளைக்குன்னு அங்கங்க பிடிச்சுத் தச்சாங்க. அண்ணன் சட்டையை அளவு குறைச்சு தங்கச்சிக்கு மாட்டின மாதிரி. அது சரியா உக்காருதா இல்லையான்னு பாக்கத்தான் எங்க ஆராய்ச்சியே."

எல்லாமே உண்மைதான். அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள். நாடாதான் தப்பு. சட்டைதான் தப்பு.

தங்கை தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். பக்கவாட்டில் பார்க்கும்போது கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. மூத்தவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வீட்டின் குண்டுப் பெண் மூத்தவள்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே. துணிக்கடைக்குப் போனால் "சின்னவளுக்கு எதை எடுத்தாலும் பொருந்தும், உனக்குத்தான் தேடணும்" என்பாள் அம்மா. கடைக்காரரும் தலையாட்டுவார். ஊர் உலகத்துப் பெண்களையெல்லாம் அளக்கிறவள், தன்னை ஒரு நாளும் அளந்துகொண்டதில்லை. எல்லாக் கருவியும் தனக்கு ஒரே பதிலைத்தான் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகவே தங்கையின் சீருடைப் பெல்ட் ஒரு துளை தள்ளிப் போனபோது, அப்புறம் இன்னொரு துளை போனபோது, மூத்தவளுக்குள் ஒன்று நடந்தது. மிகச் சிறியது. ஒரு குளிர்ச்சி. வா, நீயும் வா, இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார், என்பது போல.

அந்தக் குளிர்ச்சியில் அவள் சில மாதம் சௌகரியமாக இருந்துவிட்டாள். அதனால்தான் கைகள் மெலிந்ததை அவள் பார்க்கவில்லை. அளக்கிறவள். கைகளைப் பார்ப்பதே பிழைப்பாக உள்ளவள்.

ஆராய்ச்சிப் பிரிவு மருத்துவமனையின் தரைத்தளத்தில், பின்பக்கத்தில் இருந்தது. இரண்டு அறை, ஒரு நடைவழி. சனிக்கிழமை என்பதால் வேறு பெண்கள் இல்லை. ஸ்கேன் எடுப்பவளை அங்கே எல்லோரும் ஸ்கேன் மேடம் என்பார்கள். குறைவாகப் பேசுகிறவள்.

"கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டாள். எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

"என் மூஞ்சியைப் பாத்துமா கேக்கறீங்க?" என்றாள் இளையவள். "புருஷனும் இல்ல, நேரமும் இல்ல."

"டெஸ்ட் எடுத்தாச்சு மேடம். இல்ல" என்றாள் மூத்தவள். மூன்று வாரம் முன்பு அம்மாவின் நச்சரிப்பில் எடுத்தபோதும் அதுதான் முடிவு. இன்று வந்தவுடன் எடுத்தபோதும் அதுவே.

முதலில் நாடா. வயிற்றைச் சுற்றிப் போட்டபோது நிலையத்தில் எழுதியதைவிட இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. மூத்தவள் நாடாவைத் தளர்த்தி மறுபடி போட்டாள். அதே அளவு.

"இழுத்துப் பிடிக்கா. கொஞ்சம் இழுத்தா என்ன, குடியா முழுகிடும்?"

"பேசாம நில்லு."

அடுத்து விரல். கையைப் பிடித்து மடிப்பை எடுத்தபோது அது காகிதத்தைப் பிடிப்பது போல இருந்தது. வயிற்றின் மீது, தொப்புளுக்குப் பக்கத்தில் கிள்ளிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய வயிற்றில் ஒரு மடிப்பு கிடைக்கவில்லை. தோல் பந்தின் மேல் இழுத்துக் கட்டியது போல வழுக்கியது. கொழுப்பு வயிறு கைக்கு மெத்தென்று வரும். இது வரவில்லை.

அவள் கிடுக்கியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

மூன்றாவது, காலடியில் உலோகத் தகடு பதித்த எடை மெஷின். வெறுங்காலோடு ஏறி நின்றால் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உணரமுடியாத அளவு மின்சாரம் போய்வந்து, கொழுப்பு இவ்வளவு என்று கணக்குப் போடும். அது இருபத்தைந்து என்றது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமாதானம் பேசுகிற மாமா மாதிரி.

கடைசியாக ஸ்கேன். நீளமான மேஜை, அதன் மேல் வளைந்து நிற்கும் ஒரு கை. அசையாமல் மல்லாந்து படுத்தால் போதும். அந்தக் கை தலையிலிருந்து கால் வரை மெல்ல நகர்ந்து போகும்.

இளையவள் படுத்தாள். உடனே முழங்கையை ஊன்றி எழுந்துகொண்டாள்.

"என்னடி?"

"ஒன்னுமில்ல. மேஜை ஜில்லுன்னு இருக்கு."

மறுபடி படுத்தாள். ஒவ்வொரு மூச்சும் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தது போல வந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, எரிகிற வீட்டுக்குள் யாரையோ தேடுகிறவள் போல அவள் படுத்திருந்ததை மூத்தவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் முடிவு வந்தது.

கொழுப்பு: பத்தொன்பது சதவீதம்.

இளையவள் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"பத்தொன்பதுக்கா. பத்தொன்பது. அந்த நாடாக்காரன் மூஞ்சியில கொண்டுபோய் ஒட்டணும்." உடனே தொலைபேசியை எடுத்தாள். "அம்மா, பாஸ். ஆமா, பாஸ். நீ ஒன்னும் அழ வேணாம்... சரி வா, வந்து நீயே பாத்துக்கோ. அக்கா கையெழுத்துப் போட்டதும் கிளம்பிடுவோம்."

மூத்தவள் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை, இடது கை, கால்கள், நடுவுடம்பு.

அந்த மெஷினுக்குத் தெரிந்தது மூன்றே மூன்றுதான். எலும்பு. கொழுப்பு. மீதி. மீதி எதுவாக இருந்தாலும் அதைத் தசை என்ற கணக்கில் சேர்த்துவிடும். இளையவளின் கைகளிலும் கால்களிலும் தசை, நோயில் கிடந்து எழுந்த வயதானவருக்கு இருப்பது போல வற்றியிருந்தது. நடுவுடம்பில் மட்டும் ஒரு மல்யுத்த வீரனுக்குக்கூட இல்லாத அளவு தசை இருப்பதாக அது எழுதியிருந்தது.

அவ்வளவு தசை அங்கே இருக்க முடியாது. எலும்பும் இல்லை, கொழுப்பும் இல்லை, தசையும் இல்லை என்றால்.

"நடுவுல பாத்தீங்களா?" என்றாள் ஸ்கேன் மேடம், குரலைத் தாழ்த்தி.

"பாத்தேன்."

"தண்ணியா இருக்கும். இல்ல..." அவள் முடிக்கவில்லை.

"இன்னொரு தடவை எடுத்துடுங்க மேடம். நான் படுக்க வச்சது கோணலா இருந்திருக்கும்."

கோணலாக இல்லை என்று இருவருக்குமே தெரியும். ஸ்கேன் மேடம் மேஜையைச் சரிசெய்தாள்.

"எதுக்கு?" என்றாள் இளையவள். "பாஸ் பண்ணினவளை எந்த ஊர்ல மறுபடி பரீட்சை எழுத வைப்பாங்க?"

"விதி. ரெண்டு தடவை எடுக்கணும்."

பொய். இளையவள் முனகிக்கொண்டே படுத்தாள். இந்தத் தடவை நடுவில் இருமல் வந்து நிறுத்த வேண்டியிருந்தது. மறுபடி ஆரம்பித்து முடித்தார்கள். நாடா தப்பு, விரல் தப்பு, மெஷின் தப்பு, எல்லாம் தப்பு என்று மூத்தவள் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதே எண்கள் வந்தன. நாடாவும் சரி. விரலும் சரி. இரண்டும் விலகியதற்குக் காரணம், இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

அவள் வெளியே போய்ப் பிரிவின் தலைவரான டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எண்களைப் படித்தாள். டாக்டர் சொன்னார்: "இப்பவே மூணாவது மாடிக்கு, வயித்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் சொல்லி வைக்கறேன். சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். திங்கட்கிழமைன்னு தள்ளாதீங்க."

அளக்கும் அறையில் இளையவள் காகிதத்தை மேஜையில் விரித்து, பேனாவைத் திறந்து, தயாராக வைத்திருந்தாள்.

"இங்க போடுக்கா. அளந்தவர் கையெழுத்து."

மூத்தவள் கதவைச் சாத்தினாள்.

"ராத்திரி எப்படித் தூங்கறே?"

"என்ன கேள்வி இது?"

"மல்லாந்து படுக்க முடியுதா?"

இளையவள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "நிலையத்துல நாற்காலியிலயே தூங்கிப் பழகிடுச்சு."

"வீட்டுல?"

இளையவள் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். தலையணையை அடுக்கி வச்சுச் சாஞ்சுக்குவேன். விடு. வேலை முடியட்டும், போய்க் காட்டறேன்."

"அது கொழுப்பு இல்லடி."

"அதத்தானே நானும் கத்திக்கிட்டிருந்தேன். கொழுப்பு இல்ல, கொழுப்பு இல்லன்னு. இப்ப மெஷினே சொல்லிடுச்சு."

"கொழுப்பாவே இருந்திருக்கக் கூடாதா" என்றாள் மூத்தவள். "உள்ள தண்ணி கோத்திருக்கு. இல்ல வேற ஏதோ இருக்கு. எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்ல. கூடாதது ஏதோ இருக்கு. மூணாவது மாடிக்கு இப்பவே வரச் சொல்றாங்க."

இளையவள் அவளையே பார்த்தாள். அந்த முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதுதான் மூத்தவளைக் கொன்றது.

"உனக்குத் தெரியும்" என்றாள் மூத்தவள்.

"தெரியாது. தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தேன்." இளையவள் மெதுவாகப் பேசினாள். "தெரிஞ்சா இறக்கிடுவாங்க. வயிறு பெருத்துப் போச்சுன்னா ஓடி இளைக்கலாம். பட்டினி கிடக்கலாம். அதுக்கு நான் என்னவோ செய்யலாம். மேல போய் அவங்க ஒரு பேரு சொல்லிட்டா அப்புறம் நான் செய்ய என்ன இருக்கு? திங்கட்கிழமை ஒரு நாள், அக்கா. காகிதத்தைக் கொடுத்துட்டு, வண்டியில என் பேரு நிலைச்சதும் நானே வர்றேன்."

"ஏணியில பாதியில மூச்சு நின்னா? உன் தோள்ல வேற ஒரு ஆள் இருந்தா?"

"நீ எப்பவும் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தே." இளையவளின் குரல் சட்டென்று கூர்மையானது. "நான் என்னைக்குக் கீழ இறங்குவேன்னு. அம்மா என்னைப் பாத்து ஒரு தடவையாவது 'உனக்கு எதுவும் பொருந்தாது'ன்னு சொல்ல மாட்டாளான்னு. சொல்லு, இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கு வரை வந்தது.

"ஆமா" என்றாள் மூத்தவள். "உன் பெல்ட் தள்ளிப் போனப்ப எனக்கு உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல உன் கையைப் பாக்காம விட்டேன். நாலு மாசம் முன்னாடி பாத்திருக்க வேண்டியது. திட்டறதா இருந்தா மேல போயிட்டு வந்து திட்டு. வாழ்நாள் பூரா திட்டு. உக்காந்து கேக்கறேன்."

நடைவழியில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். சக்கரம் கிறீச்சிட்டு அடங்கியது.

மூத்தவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை மடித்துத் தங்கையின் கையில் வைத்தாள்.

"இதுல இருக்கறது பொய் இல்ல. கொழுப்பு பத்தொன்பதுதான். இதைத் தர மாட்டேன்னு உன்னைப் பிடிச்சு வைக்க எனக்கு மனசு வரல. பிடிச்சு நிறுத்தப் பலமும் இல்ல, இந்த நிலைமையிலயும் நீ என்னைத் தள்ளிட்டுப் போயிடுவே. நான் கேக்கத்தான் முடியும். கேக்கறேன். கால்ல விழணும்னாலும் விழறேன்."

"குனிஞ்சா நீ எந்திரிக்க மாட்டே" என்றாள் இளையவள். சொல்லிவிட்டு, அதற்குச் சிரிக்கலாமா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

எந்தப் பக்கம் திரும்புவாள்? இடப்பக்கம் வாசல். வலப்பக்கம் லிஃப்ட். மூத்தவள் பின்னாலேயே வந்து, தொடாமல், மூச்சுவிடாமல் நின்றாள்.

வாசல் பக்கத்திலிருந்து அம்மா வந்துகொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா.

"என்ன, ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க? பாஸ்தானே?"

"பாஸ்மா" என்றாள் இளையவள்.

"அப்ப மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்கே? இந்தா, முதல்ல உக்காந்து சாப்பிடு. இனிமே யாரும் உன் தட்டை எண்ண மாட்டோம். நானும் ரொம்பத்தான் பேசிட்டேன்." அம்மா அங்கேயே, நடைவழி பெஞ்சிலேயே டப்பாவைத் திறக்கப் போனாள்.

மூத்தவள் தடுக்கக் கை நீட்டினாள்.

அதற்குள் இளையவளே குனிந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

"இப்ப வேணாம்மா. இன்னும் ஒரு அளவு பாக்கி இருக்கு. மூணாவது மாடியில."

சொல்லிவிட்டு அவள் வலப்பக்கம் திரும்பி நடந்தாள். லிஃப்ட் பொத்தானை அவளே அழுத்தினாள். சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டாள்.

அம்மா டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்தபடி பின்னாலேயே வந்தாள். லிஃப்ட் திறந்தது. மூவரும் உள்ளே போனார்கள்.

"ஸ்கேனே எடுத்தாச்சு" என்றாள் அம்மா. "அப்புறம் மேல என்னடி அளக்கறாங்க?"